நாடகப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற வருடம் எங்களைக் கேட்காமலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். கேட்காமல் என்றால் முற்றாகக் கேட்காமலும் இல்லை. குளிர் காலத்தில் ஒருநாள் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து டேனிஷில் ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" சம்மதம்தான் என்று பிறகு வக்கீல் மாதிரி வாதாடினாள். அந்த மாதங்களில் வீட்டில் யார் என்ன கேட்டாலும் நான் "ம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். லொறி ஓட்டுகிற என் தம்பி வன்னியில் இருந்தான். பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குத் தப்பி ஒவ்வோர் ஊராக விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். மீன் வெட்டும்போதும் என் காது தொலைபேசியில்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் நாங்கள் இருக்கிற சில்க்போர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய தூரம். முன்பு மாட்டுப்பண்ணையாக இருந்த இடம். இந்த நாட்டில் இப்படிச் சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. காசில் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கும், ஆனால் என்ன படிப்பிப்பது, எப்படிப் படிப்பிப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் ஒரு வருடம் அங்கேயே தங்கிப் பத்தாம் வகுப்புப் படிப்பார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் நாடகம், இசை, ஓவியம். அதோடு கணிதமும் டேனிஷும் இங்கிலீசும் படித்துச் சோதனை எடுத்தால் பிறகு கிம்னாசியம் என்கிற மேல்வகுப்புகளுக்குப் போகலாம், அங்கிருந்து பல்கலைக்கழகம். "படிப்பும் இருக்கு அம்மா" என்று எனக்காகத் தமிழில் சொன்னாள். மற்றதெல்லாம் டேனிஷ்.

எங்கள் ஆட்களிடம் பத்தாம் வகுப்பு என்று சொல்லவே ஏலாது. நல்ல புள்ளி எடுக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒன்பதோடு நேரே கிம்னாசியம் போவார்கள், மற்றவர்கள்தான் பத்து. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். கதை எப்படியோ அவளுடைய காதுக்குப் போய்விட்டது.

"ஏன் அக்கா, மகளுக்குப் புள்ளி காணாதோ?" என்று கேட்டாள்.

"புள்ளி காணும். மூளைதான் காணாது" என்று சொல்லிவிட்டுக் குளித்துத் துடைக்கிற துவாய்களை மடித்தேன்.

நாடகம் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது, நாடகம் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகப்போகிறாய், கணிதத்தில் இவ்வளவு கெட்டிக்காரி ஏன் வீணாய்ப் போகவேண்டும் என்றெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. அங்கே தங்கிப் படிக்கவேண்டும். ஓகஸ்டில் போனால் லீவுக்குத்தான் வருவாள். இன்னும் ஒருத்தர் என் கண்ணுக்கு முன்னால் இல்லாமல் போவதை என்னால் தாங்கமுடியாது. இதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆகவே கணிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வொரு நாளும் விடிய, வேலைக்கு உடுத்து வெளிக்கிட்ட பிறகு, கதவுக்குப் பக்கத்தில் சப்பாத்துப் போடுகிற வாங்குப் பலகையில் குந்தியிருந்து தம்பிக்குத் தொலைபேசி எடுப்பேன். தமிழ்க் கடையில் வாங்கிய தொலைபேசி காட். முதலில் ஓர் இலக்கம், பிறகு காட் அட்டையைச் சுரண்டி எடுத்த நீளமான இரகசிய இலக்கம், பிறகு அவனுடைய இலக்கம். நடுவில் ஒன்று பிழைத்தால் திரும்பவும் முதலில் இருந்து. எல்லாம் சரியாய் அமத்தினால் ஒரு பெண் வருவாள். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு இங்கிலீசில், நீங்கள் அழைத்த இலக்கத்தோடு இப்போது தொடர்புகொள்ள முடியாது என்பாள். தை மாதத்திலிருந்து அவள் மட்டும்தான் என்னோடு கதைத்தாள்.

வைகாசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளை விலகிவிட்டதாம், ஓர் இடம் வந்திருக்கிறதாம், புதன்கிழமை பெற்றோரில் ஒருவரோடு வரட்டாம். தனக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் செய்து காட்டவேண்டுமாம். சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த கிழமை அது.

அந்தக் கிழமையில் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று வெளியாட்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. செத்த வீடும் இல்லை, நல்ல வீடும் இல்லை. ஆள் செத்தது தெரிந்தால் துடக்கு என்கிற தீட்டுக் காத்து, எட்டாம் நாள் செய்து, முப்பத்தோராம் நாள் முடித்து அழவேண்டியதை அழுது முடிப்போம். தெரியாவிட்டால் என்ன செய்வது? துடக்கு இருக்கிறதா இல்லையா, கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. நான் போனேன். போகாமல் நின்றால் தம்பி செத்துவிட்டான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. வீட்டிலும் சட்டம் போட்டிருந்தேன். மாமா இருக்கிறார் என்றுதான் கதைக்கவேண்டும். வேறு மாதிரி யாராவது வாயைத் திறந்தால் என் வாய் பெரிதாகத் திறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இவர், என் மனுசன், தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு மற்ற ஆட்களோடு பஸ்ஸில் கொப்பன்ஹேகன் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போவதா என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"உன்ர விருப்பம்" என்றார்.

எங்கள் வீட்டில் உன்ர விருப்பம் என்றால் பழியும் உன்னோடு என்று அர்த்தம். மகள் தான் பஸ்ஸில் தனியப் போவதாகச் சொன்னாள். பெற்றோர் இல்லாமல் போனால் இடம் கிடைக்காது. அது எனக்கு நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நல்லது இல்லை. என் பிள்ளையை ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வேண்டாம் என்று சொல்வதென்றால் நாங்கள் சொல்லவேண்டும். ஆகவே வேலையில் ஆளை மாற்றிவிட்டுக் காரை எடுத்தேன்.

வழியில், "என்ன செய்து காட்டப் போறாய்?" என்று கேட்டேன்.

தோளைக் குலுக்கினாள்.

"ஒரு தேவாரம் பாடன். தேவாரம் எல்லாத்துக்கும் பொருந்தும். உனக்குக் குரலும் இருக்கு."

"Mor," என்று டேனிஷில் அம்மா என்று ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, காதில் பாட்டுக் கேட்கிறதைக் கொழுவிக்கொண்டாள். நான் அந்த நேரத்தில் சண்டை பிடிக்கிற நிலைமையில் இல்லை. வயல் முழுக்க மஞ்சளாய்ப் பூத்திருந்தது. எனக்கு அந்த மஞ்சளைப் பார்க்கவும் எரிச்சலாய் இருந்தது.

அதிபர் சப்பாத்து இல்லாமல், கம்பளிக் காலுறையோடு வந்து கதவைத் திறந்தார். நாடகம் படிப்பிக்கிற ரீச்சரும் இருந்தார். நரைத்த தலைமயிரைக் கட்டையாய் வெட்டின, மெல்லிய பெண். மாட்டுக்கொட்டிலைத்தான் நாடக மண்டபமாக மாற்றியிருந்தார்கள். கறுப்புத் திரை, கறுப்பு நிலம், நாலைந்து நாற்காலி. சுத்தமாக இருந்தது, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்களாம்.

அதிபர் மகளைப் பார்த்து, உனக்கு எதில் விருப்பம் என்று கேட்டார்.

"கணிதம்" என்றேன் நான்.

அவர் சிரித்துவிட்டு, மகளைப் பார்த்து, ஏன் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டார்.

"கிம்னாசியம் போகிறதுக்கு முன்னம் ஒரு வருடம் ஆறுதலாய்ப் படிக்கத்தான்" என்றேன். வேண்டாம் என்று சொல்லவந்த நான் ஏன் இப்படிப் பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் பிள்ளையைக் கேள்வி கேட்டால் பிள்ளைக்குப் பதில் சொல்வது தாய்தான். எங்களில் எல்லாரும் அப்படித்தான். டொக்டரிடம் போனாலும் வயிறு நோகிறது பிள்ளைக்கு, எங்கே நோகிறது என்று சொல்வது நான்.

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது சிவந்திருந்தது. அதிபர் மெதுவாக, அம்மா விரும்பினால் பக்கத்து அறையில் கோப்பி இருக்கிறது, பிள்ளை செய்து காட்டும்போது பெற்றோர் வெளியில் இருப்பதுதான் வழக்கம் என்றார்.

"நான் கோப்பி குடிக்கிறதில்லை" என்றேன். அது பச்சைப் பொய். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன். தேவாரத்தைக் கேட்காமல் எப்படிப் போவது? அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு மகளைத் தொடங்கச் சொன்னார்கள்.

மகள் சப்பாத்தைக் கழற்றினாள். ஒரு நாற்காலியை நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு மண்டபத்தின் மூலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் என் மகள் இல்லை. வலது காலைக் கொஞ்சம் நொண்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ புறுபுறுத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் இருக்கும்போது "அப்பாடா" என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. யாரோ கிழவியைச் செய்கிறாள், முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனேனே, அங்கே பார்த்தது போல என்று நினைத்தேன். பிறகு அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இல்லாத காட் ஒன்றைத் தூரப் பிடித்து இலக்கம் வாசித்தாள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் தலையை ஆட்டினாள். நடுவில் பிழைத்தது.

"கோதாரியில போன காட்" என்று இல்லாத தொலைபேசியால் தொடையில் ஒரு அடி அடித்தாள்.

அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். ரீச்சரும் சிரித்தார். தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஊர் பேர் தெரியாத மனிதருக்கு முன்னால் என்னை, நான் நடக்கிற நடையை, என் இடுப்பு நோவை விற்றுக்கொண்டு நிற்கிறாள். எழும்பிப் போய்க் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரில் ஏற்றவேண்டும் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தில் எழும்பவும் முடியவில்லை.

அதற்குள் அந்தத் தொலைபேசிப் பெண் வந்துவிட்டாள். மகள் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல், முதலில் சிங்களத்தில் சொன்னாள். ஒரு சொல் பிசகாமல், அந்தப் பெண் எங்கே மூச்சு விடுவாளோ அங்கே மூச்சு விட்டு. சில்க்போர்க்கில் பிறந்த பிள்ளை, தமிழே பாதிதான் கதைப்பாள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடாய் வருகிறது. பிறகு தமிழ். பிறகு இங்கிலீசு. எத்தனை விடியல் இவள் கட்டிலில் கண் விழித்துக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்?

இங்கிலீசு முடிந்தது. நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் தொலைபேசியை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள்.

"சரியடா தம்பி. நான் வேலைக்குப் போறன். பிள்ளையளுக்குத் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடு. பங்கருக்குள்ள காத்து வாற மாதிரி விட்டிருக்கிறியோ? சும்மா வெளியில தலையை நீட்டாதை. நாளைக்கு எடுக்கிறன், என்ன."

நான் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. இவருக்கும் தெரியாது. அந்தப் பெண் கதைத்து முடிந்த பிறகு வெறும் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்கும். அந்த இரைச்சலுக்குள் நான் தம்பியோடு கதைப்பேன். விசர்ப் பைத்தியம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் கதைக்காமல் வேலைக்குப் போனால் அன்று முழுக்க மனம் வேலையில் நிற்காது. வீடு நித்திரை என்று நினைத்துத்தான் கதைத்தேன்.

மகள் எழும்பிப் போய்த் திரும்பவும் அதே மாதிரி வந்தாள். அதே அப்பாடா, அதே காட், அதே பெண், அதே தண்ணீர், அதே காற்று. இந்தத் தரம் அவர்கள் சிரிக்கவில்லை. மூன்றாம் தரமும் வந்து இருந்து இலக்கத்தை அமத்தினாள். அமத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெண் வரவில்லை. மகள் தலையை மற்றப் பக்கம் திருப்பினாள். குரலை ஆண் குரலாய் இறக்கி, மெதுவாக, "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்றாள்.

"எங்கையடா போனனி இவ்வளவு நாளும்?" என்றேன் நான்.

கத்தவில்லை. அவன் எப்போது எடுத்தாலும் நான் முதலில் ஏசுவேன், அதே மாதிரிச் சாதாரணமாக ஏசினேன். என் காதுக்கு என் குரல் வந்து சேர்ந்தபோதுதான் நான் எழும்பி நிற்கிறேன் என்பது தெரிந்தது. கைப்பை கீழே கிடந்தது. மகள் பேய் அறைந்தது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிபரும் ரீச்சரும் கை தட்டினார்கள். மனம் நிறைந்து தட்டினார்கள். அம்மாவும் சேர்ந்து நடிப்பது என்று நீ சொல்லவில்லையே என்று அதிபர் மகளைக் கேட்டார். நான் கோப்பி வேண்டாம் என்று பிடிவாதமாய் இருந்தது இதற்குத்தான் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். 

ரீச்சர் என் பக்கம் திரும்பி, நீங்கள் கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்றார். என் தம்பியிடம் என்றேன். அவர் இன்னும் அதை நாடகமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அவர் அதற்கு என்ன பதில் சொல்வார் என்று ஆசையோடு கேட்டார்.

"அவன் ஒன்றும் சொல்லமாட்டான். இறந்துவிட்டான்" என்றேன்.

டேனிஷில் சொன்னேன். வேலையில் எனக்குப் பழகின வசனம் அது. முதியோர் இல்லத்தில் யாராவது போனால் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வதற்கு எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சுற்றி வளைக்காமல், தெளிவாக, அமைதியான குரலில் சொல்லவேண்டும். அப்படியே சொன்னேன். ரீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிபர் என் கைப்பையை எடுத்துத் தந்தார். உங்கள் மகளுக்கு இங்கே இடம் இருக்கிறது, அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

காருக்குள் ஏறியபிறகு நான் திறப்பைப் போட்டு ஸ்டார்ட் பண்ணவில்லை. மகள் கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது?" என்று தமிழில் கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அப்ப எப்ப தெரியும்?"

"இப்பதான்."

அவனுடைய பெண்சாதி முகாமிலிருந்து எங்களோடு கதைக்க முடிந்தது ஆடி மாதம்தான். அவள் அழுது முடித்துச் சொன்னதும் இதைத்தான். ஆனால் எனக்குத் தெரியவந்தது அந்த மாட்டுக்கொட்டிலில்.

மகள் அழத் தொடங்கினாள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, இனிமேல் செய்யமாட்டன், நான் இஞ்ச வரேல்லை, கிம்னாசியத்துக்கே போறன் என்று தமிழிலும் டேனிஷிலும் மாறி மாறிச் சொன்னாள். அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். நான் காலையில் எதற்காக வெளிக்கிட்டு வந்தேனோ அது என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு துளி சந்தோசமும் இல்லை.

"மாமாவை நீ பிழையாச் செய்தனி" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவன் ஓம் அக்கா எண்டு சொல்லமாட்டான். நான் ஏசுவன் எண்டு தெரியும்தானே, என்னக்கா எண்டு இழுத்துக்கொண்டுதான் தொடங்குவான். சிரிப்பை அடக்கிக்கொண்டு."

"என்னக்கா" என்றாள்.

"இன்னும் இழு. மூக்கால வரவேணும்."

இரண்டாம் தரமும் பிழைத்தது. மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அது அவன்தான். லொறியை எங்கேயோ நிழலில் விட்டுவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டு, அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொண்டே நிற்கிற என் தம்பி. நான் இந்தத் தரம் பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து, தை மாதத்திலிருந்து அழாததை எல்லாம் அழுதேன். மகள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அழுது முடிந்து மூக்கைச் சிந்திவிட்டு, "அங்க தங்குறதுக்கு என்னென்ன சாமான் கொண்டுபோகவேணுமாம்?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"தலாணி" என்றாள். "போர்வை. வேலை செய்யிற சப்பாத்து ஒண்டு."

"துவாய் தருவினமோ?"

"தெரியேல்லை அம்மா."

"போய்க் கேட்டுக்கொண்டு வா" என்றேன். அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.